விண்ணப்பமும் நேர்காணலும்: நம் மக்கள் கடந்து வந்த வழி

தமிழகத்தில் பதவிக்கு ஆள் தெரிந்தெடுத்த முறையைப் பற்றிப் பேசுவோர் யாவரும் உத்திரமேரூர்க் கல்வெட்டிலிருந்தே தொடங்குவர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைப்பதும், அதனை நம் பாடநூல்கள் மக்களாட்சியின் வித்து என்று போற்றுவதும் அனைவரும் அறிந்ததே. நாமும் வகுப்பறையில் அவ்வாறே கற்பித்து வருகிறோம். ஆயினும் அக்கல்வெட்டில் உள்ள தகுதிகளை நிறுத்திப் படித்தால் வேறொன்றும் புலப்படும். இறை செலுத்தும் சொந்த நிலம் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும். வேதம் கற்றிருத்தல் வேண்டும். நிலம் வைத்துக்கொள்ள இயலாதவனும், வேதம் ஓதுவதைக் கேட்கவும் விலக்கப்பட்டவனும் அந்தக் குடத்தருகே சென்றிருக்க முடியாது. குடத்தில் போட ஓலை நறுக்கு இருந்தது; நம்மவர் பெயர் எழுதிய நறுக்கு மட்டும் இல்லை.

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில், வேலைக்கு விண்ணப்பிக்கும் முறை பற்றியும் நேர்காணலில் நடந்துகொள்ளும் முறை பற்றியும் இளைஞர்களுக்குப் பயன்படும் வகையில் எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். அவ்வகையான குறிப்புகள் அடங்கிய கையேடுகள் கடைகளில் ஏராளம் கிடைக்கின்றன. வரலாற்றைக் கற்பிக்கும் நமக்கு, அந்த விண்ணப்பத்தாள் எவ்வாறு நம் கைக்கு வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லிவிட்டு, பிறகு அதனை எவ்வாறு நிரப்புவது என்று சொல்வதே முறையாகப் படுகிறது.

கொங்கு நாட்டில் நம் பாட்டனார் காலத்து வேலைக்கு விண்ணப்பம் ஏது? பண்ணையத்துக்கு இருப்பது என்பதே அன்றைய வழக்கு. ஆண்டுக்கு ஒருமுறை வாய்ச்சொல்லில் முடியும் ஏற்பாடு அது. முன்பணம் வாங்கிய வீட்டில் தந்தை இருந்தால் மகனும் அங்கேயே இருப்பான். கிணற்றில் கவலை இறைக்கும் தோற்சாலைத் தைப்பதும், கிழிந்தால் ஒட்டுப் போடுவதும் நம்மவர் தொழிலாக இருந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூர்ப் பகுதிக்கு வந்தபின், கிணறுகளில் மின்னியந்திரம் ஏறத்தொடங்கி, சாலும் கவலையும் மெல்ல மறைந்தன. அத்துடன் அந்தத் தொழிலும் போயிற்று. அதே மின்சாரத்தால் பஞ்சாலைகள் பெருகின. ஆலைக்குள் நுழைவதற்கும் தாள் தேவைப்படவில்லை. மேஸ்திரியின் தயவே தேவைப்பட்டது. அவர் தம் உறவினரையும் தம் ஊராரையும் சேர்ப்பார். சேர்த்ததற்குக் காணிக்கையும் பெறுவார். 1931-இல் அறிக்கை தந்த அரச தொழிலாளர் ஆணையம், இவ்வாறு இடைத்தரகர் வழியாக ஆள் சேர்ப்பதை ஒழித்து, அதற்கெனத் தனி அலுவலர்களை ஆலைகள் நியமிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. எவர் சொன்னார் என்பதைப் பார்த்தே வேலை தந்த காலம் அது.

அரசுப் பணியின் கதை சற்று வேறு. 1855 முதல் இந்திய சிவில் பணிக்கு இலண்டனில் போட்டித் தேர்வு நடந்து வந்தது. அதனை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டுமென்று காங்கிரசார் கோரினர். அந்தக் கோரிக்கையை எதிர்த்து 1893 டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டியவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள மனு ஒன்று ஆங்கிலப் பாராளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. தேர்வு இங்கே நடந்தால் சாதி இந்துக்களே அதிகாரிகளாக வந்து நம்மை மேலும் நசுக்குவர் என்பதே அம்மனுவின் சாரம். வேலை கேட்டு எழுதிய மனு அன்று அது. நம்மை ஒடுக்குவோர் கைக்கு அதிகாரம் போகாதிருக்க எழுதிய மனு. இன்று அதனைப் படிப்போர் சிலர் நாட்டுப்பற்றில்லாத செயல் என முகஞ்சுளிப்பதுண்டு. கையொப்பமிட்ட அந்த மூவாயிரத்துச் சொச்சம் பேரும் தாம் அன்றாடம் கண்டதிலிருந்தே அஞ்சினர் என்பதை மறக்கலாகாது.

மேலும், அலுவலகத்துக்குள் நுழையவே உரிமையில்லாதவன் அங்கே விண்ணப்பம் கொடுப்பது எப்படி? பொதுச் சாலை, கிணறு, சந்தை, பொது அலுவலகம் ஆகியவற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைவதைத் தடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் கொண்டுவந்தவரும் இரட்டைமலையாரே. 1925-இல் அது அரசிதழில் வெளியாயிற்று. இன்று நம் பிள்ளைகள் வட்டாட்சியர் அலுவலகப் படியேறிச் சாதிச் சான்றிதழுக்கு வரிசையில் நிற்கையில், அந்தப் படிக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நினைத்துக்கொள்ளட்டும்.

பதவிகளைப் பங்கிடும் வகுப்புவாரி ஆணைகள் நீதிக் கட்சி ஆட்சியில் 1921-இலும் 1922-இலும் பிறந்தன. எனினும் பங்கு தெளிவாக வரையறுக்கப்பட்டது 1927-ஆம் ஆண்டு ஆணையில்தான். பன்னிரண்டு இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முகமதியருக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவருமாகச் சேர்த்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. பன்னிரண்டில் ஒன்று! 1947-இல் அது பதினான்கில் இரண்டாயிற்று. இதற்கிடையில் 1924-இல் பணியாளர் தேர்வு வாரியமும், 1929-இல் சென்னை மாகாணத்துக்கெனத் தேர்வாணையமும் ஏற்பட்டன. இந்திய மாகாணங்களில் முதலாவதாக இத்தகைய ஆணையம் கண்டது சென்னையே. அதன் வழிவந்ததுதான் இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம். ஒரு துரையின் சிபாரிசுக் கடிதம் செய்த வேலையை, அச்சடித்த படிவமும் தேர்வுத்தாளும் செய்யத் தொடங்கிய காலம் என இதனைச் சொல்லலாம்.

மத்திய அரசுப் பணிகளில் நமக்குக் கதவு திறந்தவர் அண்ணல் அம்பேத்கர். அவர் வேலை பார்த்த கதையே ஒரு பாடம். கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று 1917-இல் பரோடா அரசுப் பணிக்குச் சென்றவருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்தும் தடிகளுடன் வந்தோரால் வெளியேற்றப்பட்டார். வேலை கிடைப்பது ஒன்று, அதில் இருக்க விடுவது வேறொன்று என்பதை உணர்ந்த அவர், வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943-இல் தாழ்த்தப்பட்டோருக்கு 8⅓ விழுக்காடு ஒதுக்கீடு ஆணையாக வெளிவர வழிசெய்தார். வயது வரம்பில் தளர்வும் தேர்வுக் கட்டணத்தில் சலுகையும் அத்துடன் வந்தன. இன்று விண்ணப்பத்தில் 'கட்டண விலக்கு' என்ற கட்டத்தில் நம் பிள்ளைகள் குறியிடுகிறார்களே, அந்தக் கட்டம் தானாக முளைத்ததன்று.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தவுடன் 1951-இல் சென்னை வகுப்புவாரி ஆணை உச்சநீதிமன்றத்தில் அடிபட்டது. மாவட்ட முன்சீப் பதவிகள் 83 தொடர்பான வெங்கடரமணா வழக்கில், பிற வகுப்பாருக்கான பங்கீடு செல்லாது என்ற நீதிமன்றம், ஆதிதிராவிடருக்கும் பிற்பட்ட இந்துக்களுக்கும் செய்த ஒதுக்கீட்டை மட்டும் 16(4)-ஆம் பிரிவின்படி செல்லும் என்றது. தமிழ்நாட்டில் 1971-இல் நமக்கான ஒதுக்கீடு 16-லிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. அதற்குள் அருந்ததியர் உட்பட ஏழு சாதியாருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009-இல் சட்டமாயிற்று. இத்தகைய உட்பிரிவு செல்லும் என்று உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

இவ்வளவும் தாளில் நடந்தவை. இனி முகத்துக்கு நேரே நடந்ததைப் பார்ப்போம்.

விடுதலைக்குப் பின் நடந்த இந்திய ஆட்சிப் பணித் தேர்வில், 1950-ஆம் ஆண்டு, வங்காளத்தைச் சேர்ந்த அச்சுதானந்த தாஸ் தேர்ச்சி பெற்றார். அப்பணிக்குத் தேறிய முதல் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் அவரே. எழுத்துத் தேர்வில், அவ்வாண்டு முதலிடம் பெற்ற என்.கிருஷ்ணனைவிட அவருக்கு மதிப்பெண் கூடுதல். ஆனால் 300 மதிப்பெண்ணுக்கு நடந்த நேர்காணலில் கிருஷ்ணன் பெற்றது 260. தாஸ் பெற்றது 110. எழுத்தில் முன்னே நின்றவர் பட்டியலின் அடிக்குச் சென்றார். விடைத்தாளைத் திருத்தியவர் எழுதியவனின் முகத்தைக் கண்டதில்லை. நேர்காணல் அறையில் இருந்தோர் கண்டனர். இதற்குமேல் நாம் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

நேர்காணலுக்குக் கடிவாளம் போட்டது நீதிமன்றம். சீநகர் வட்டாரப் பொறியியற் கல்லூரியில் மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை நேர்காணலுக்கு வைத்து, ஒவ்வொரு மாணவனையும் இரண்டு மூன்று நிமிடங்களில் அனுப்பிவிட்டனர். கேட்டதும் பெற்றோர் யார், குடியிருப்பது எங்கே என்பவைதாம் என வழக்கு வந்தது. அஜய் ஹாசியா வழக்கு என்பது அதன் பெயர். 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்காணலுக்கு மதிப்பெண் வைப்பது தன்னிச்சையானது என 1980 நவம்பரில் தீர்ப்பாயிற்று. 1985-இல் அரியானா அரசுப்பணி தொடர்பான அசோக்குமார் யாதவ் வழக்கில் 12.2 விழுக்காடே அளவு என்றனர். 2016 சனவரி முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளில் நேர்காணலே நீக்கப்பட்டது. தமிழ்நாட்டில் தொகுதி நான்குத் தேர்வுக்கும் நேர்காணல் கிடையாது. அமெரிக்க இசைக்குழுக்கள் சிலவற்றில், 1970-கள் தொட்டு, வாசிப்பவர் ஆணா பெண்ணா என்பது தெரியாதிருக்கத் திரைக்குப் பின்னே அமர்த்தி வாசிக்கச் செய்து ஆள் எடுத்தனர். அதன்பின் பெண்கள் தேர்வு பெறுவது கூடியது என்பர். கண் செய்யும் அநீதி எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

நம் அனுபவம் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். இளங்கலையும் கல்வியியலும் முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்த 1990-களில், ஓர் ஆலை அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்தோம். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. சித்தப்பா மகனின் சட்டையை இரவல் வாங்கி, சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, காலை ஏழு மணிக்கே போய் நின்றோம். மூவர் அமர்ந்திருந்தனர். எந்த ஊர் என்றார் ஒருவர். கருமத்தம்பட்டி என்றோம். கருமத்தம்பட்டியில் எங்கே என்றார். தெருவைச் சொன்னோம். ஊருக்குள்ளா காலனியா என்றார். காலனி என்றோம். அப்பா என்ன செய்கிறார் என்று மற்றவர் கேட்டார். அதற்கும் விடை சொன்னோம். கணக்கைப் பற்றியோ, கடிதம் எழுதுவதைப் பற்றியோ ஒரு வினாவும் எழவில்லை. கடிதம் போடுகிறோம் என்றனர். அந்தக் கடிதம் இன்றுவரை வரவில்லை.

பின்னாளில் படித்தபோதுதான் இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று என விளங்கிற்று. பேராசிரியர்கள் சுகதேவ் தோரட், பால் அட்வெல் ஆகியோர் தனியார் நிறுவனங்களின் 548 விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுடைய, பெயர் மட்டும் வேறான 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தனர். தலித் பெயருடைய விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்குரியதில் மூன்றில் இரண்டு பங்கே இருந்தது. 2007-இல் இது வெளியாயிற்று. அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வில், தில்லிப் பகுதி நிறுவன அதிகாரிகள் பலர் 'குடும்பப் பின்னணி' கேட்பது இன்றியமையாதது என்று வெளிப்படையாகவே கூறியிருந்தனர். தமிழகத்தில் பெயரால் கண்டுபிடிக்க இயலாது. 1929 செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டின் தீர்மானத்துக்குப் பின் சாதிப் பட்டம் பெயரிலிருந்து உதிர்ந்துவிட்டது. அதனால்தான் இங்கே தெருவைக் கேட்கின்றனர். ஒடுக்குமுறையின் அடையாளமாகிவிட்ட 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். முகவரி வரியில் அந்தச் சொல்லை எழுதி எழுதியே வளர்ந்த நமக்கு அது சிறு செய்தியாகப் படவில்லை.

நமக்கு வேலை கிடைத்தது பதிவு மூப்பின்படிதான். பதிவு எண்ணையும் சான்றிதழையும் பார்த்தனர், தெருவைக் கேட்கவில்லை. ஆனால் நம்முடன் பதிந்த நண்பர் ஒருவர் மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்யவேண்டிய புதுப்பித்தலைத் தவறவிட்டார். தறிக்குடோனில் இரவு முறை வேலை. நாள் போனது தெரியவில்லை. மூப்பு போயிற்று. அவர் நம்மினும் நன்றாகப் படித்தவர். நூறாண்டுகள் போராடிப் பெற்ற உரிமை ஒரு தேதியில் கைநழுவியது.

ஆகவேதான் தாளைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துகிறோம். தலைமையாசிரியர் மேசையில் அமர்ந்து நாம் கண்டவை இவை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிய பெயரும் முன்னெழுத்தும் பிறந்த தேதியுமே வாழ்நாள் முழுவதும் செல்லும். ஆதார் அட்டையில் வேறொன்று இருந்தால் இப்போதே திருத்திக்கொள்க. சாதிச் சான்றிதழில் உட்பிரிவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். முன்னர்ப் பள்ளியில் சேர்க்கையில் விவரம் கேளாமல் பொதுவாக 'ஆதிதிராவிடர்' என எழுதிவிட்டதால், அருந்ததியர் வீட்டுப் பிள்ளை உள் ஒதுக்கீட்டைக் கோரமுடியாமல் தவித்ததைக் கண்டிருக்கிறோம். நம் ஊர் பழம்பெரும் தேவாலயம் உள்ள ஊர். கிறித்தவம் தழுவிய நம் உறவினர் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகின்றனர்; 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே கொண்டது, பின்னர் 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தனர், கிறித்தவரைச் சேர்க்கவில்லை. இது சரியா என்பது தனி வழக்கு. ஆனால் விண்ணப்பத்தில் சான்றிதழுக்கு மாறாக எழுதினால், தேர்வான பிறகும் வேலை போகும்.

தமிழ்வழியில் பயின்றோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை 2010-இல் சட்டமாயிற்று. 2020-இல் செய்த திருத்தத்தின்படி, பட்டம் மட்டுமன்றிப் பள்ளிப்படிப்பும் தமிழ்வழியில் இருத்தல் வேண்டும். எனவே படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்றிதழ் பெறவேண்டும். கடைசி நாளுக்கு முந்தைய மாலையில் நம் வீட்டுக் கதவைத் தட்டிய பிள்ளைகள் பலர். கையொப்பமிட்டுத் தந்தோம், முத்திரை பள்ளியில் பூட்டியிருந்தது. மற்றொன்று: இணையவழி விண்ணப்பத்தைக் கணினி மையத்துப் பையன் கையில் விட்டுவிட்டு வெளியே தேநீர் குடிக்கப் போகாதீர்கள். அவன் தவறாக அழுத்திய கட்டத்துக்கு நீங்களே பொறுப்பு. பொதுப்பிரிவு இடத்துக்குரிய மதிப்பெண் எடுத்தால், இனச்சுழற்சியில் முதலில் பொது இடத்திலேயே நீங்கள் வைக்கப்படுவீர்கள். ஒதுக்கீடு கோரினால் தகுதி குறைந்தவன் எனக் கருதுவார்களோ என்றஞ்சி அந்தக் கட்டத்தை வெறுமையாய் விடுவது அறியாமை.

நேர்காணலுக்கு வருவோம். நம் முன்னோர் ஊர்த்தெருவில் நடக்கையில் தோள்துண்டை எடுத்து அக்குளில் இடுக்கினர். துண்டு போய்விட்டது, ஆனால் அறைக்குள் நுழைந்தவுடன் தோள் தானாகவே குறுகுவதை நம் பிள்ளைகளிடம் இன்னும் காண்கிறோம். உட்காரச் சொன்னால் நாற்காலியின் நுனியில் அமர்கின்றனர். தெரிந்த விடையையும் விழுங்கிச் சொல்கின்றனர். பணிவு வேறு, ஒடுங்கல் வேறு. இதற்கு மருந்து பழக்கந்தான். நம் சங்கக் கட்டடத்தில் மேசை போட்டு, மூவர் அமர்ந்து, முன்பின் அறியாதவர் போல வினவிப் பழக்குவது இதற்காகவே.

சென்ற ஆண்டு அவ்வாறு பழக்கியபோது, துணி நிறுவனமொன்றில் மேற்பார்வையாளர் வேலைக்குச் செல்லவிருந்த மாணவன் ஒருவனை, விடுமுறையில் என்ன செய்தாய் என வினவினோம். சும்மா வீட்டில் இருந்தேன் என்றான். ஐந்தாண்டுகளாக விடுமுறைதோறும் அவன் சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டியவன் என்பது நமக்குத் தெரியும். ஏன் மறைக்கிறாய் என்றோம். தறிக்காரன் என்றால் குறைவாக நினைப்பார்கள் ஐயா என்றான். பாவு இழை அறுந்தால் தறி ஏன் நிற்கிறது, நாடா தட்டினால் துணியில் என்ன பழுது விழும், எந்த நூலுக்கு எத்தனை ஊடை என்று கேட்டோம். அரை மணி நேரம் நிறுத்தாமல் சொன்னான். பட்டம் பெற்ற மேலாளர் பலருக்குத் தெரியாத செய்திகள் அவை. இதையே அங்கே சொல் என்றோம்.

பிறகு, அப்பா என்ன செய்கிறார் என்ற வினாவையும் அவனிடம் வேண்டுமென்றே கேட்டோம். அவன் தலைகுனிந்தான். தூய்மைப் பணி என்பதை மெல்லிய குரலில் சொன்னான். மறுபடி கேட்டோம். மூன்றாம் முறை நிமிர்ந்து, "நகராட்சியில் தூய்மைப் பணியாளர் ஐயா. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணியில் இருக்கிறார்" என்றான். அத்துடன் நிறுத்தச் சொன்னோம். அதற்குமேல் விளக்கமோ வருத்தமோ வேண்டியதில்லை. தெருவைக் கேட்டால் தெருவைச் சொல். மீண்டும் மீண்டும் அதையே கேட்டால், "வேலையைப் பற்றிக் கேளுங்கள் ஐயா, சொல்கிறேன்" என்று அமைதியாகச் சொல் எனவும் கூறினோம். நம் காலத்தில் நமக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் வேலை கிடைத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்கையில் தலை சற்று நிமிர்ந்திருக்கும்.

அந்த மாணவனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த நிறுவனத்தில் கிடைத்தது. அங்கே முதல் வினாவே தறியைப் பற்றியதாம். இப்போது ஞாயிறுதோறும் மாலையில் சங்கத்துக்கு வந்து, வினவும் மூவரில் ஒருவராக அமர்கிறான். வரும் தொகுதி நான்குத் தேர்வுக்கு விண்ணப்பிக்க விரும்புவோர், மூலச் சான்றிதழ்களுடன் அவ்வேளையில் வந்தால், படிவத்தை வரிவரியாக உடனிருந்து பார்த்துத் தருகிறோம். பள்ளி முத்திரை தேவைப்படுவோர் மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுக.